பொறுப்பேற்றலும் ஒப்படைத்தலும்: சுற்றுச்சூழல் சங்கங்களில் தொண்டும் தலைமையும்

நாகலாபுரம் கிளையில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு நாள் காலை முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அட்டையில் ஏரிப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் பெயர் இருந்தது. அச்சங்கத்தைத் தொடங்கியவர் அவருடைய தந்தையார். செயலாளரும் அவரே, பொருளாளரும் நடைமுறையில் அவரே, நட்ட கன்றுகளுக்கு நீர் ஊற்றியவரும் பெரும்பாலும் அவரே. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. உடன் கையொப்பமிட வேண்டிய மற்றொருவர் வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஏரி மதகைச் செப்பனிடுவதற்காக ஊரார் கொடுத்த தொகை கணக்கில் அப்படியே கிடந்தது.

"ஐயா, இது அப்பா சேர்த்த பணம். மதகு வேலைக்கு இதை எடுக்க முடியுமா?" என்று அவர் கேட்டார்.

உடனே இயலாது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பணம் தந்தையாருடையது அன்று, சங்கத்தினுடையது. ஆகவே வாரிசு என்ற முறையில் மகன் அதைப் பெற முடியாது. சங்கத்தின் சார்பில் கேட்பதற்கோ புதிய நிர்வாகிகள் இல்லை, தீர்மானம் இல்லை, கூட்டக் குறிப்புப் புத்தகம் எங்கிருக்கிறது என்பதும் தெரியவில்லை. நல்ல மனிதர் ஒருவர் இருபது ஆண்டுகள் உழைத்த சங்கம், அவரோடு சேர்ந்தே நின்றுபோயிருந்தது.

சுற்றுச்சூழல் பணியில் ஈடுபட விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர், "எந்தச் சங்கத்தில் சேரலாம்? அங்கே என்ன செய்யலாம்? பொறுப்புக்கு வர என்ன தகுதி வேண்டும்?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளுக்கான விடையை இக்கட்டுரை பாடமாகத் தருகிறது. பாடத்தின் சாரம் இதுதான்: சங்கத்தில் தலைமை என்பது பொறுப்பை ஏற்பதில் தொடங்குகிறது, அதைப் பிறரிடம் ஒழுங்காக ஒப்படைப்பதில்தான் நிறைவு பெறுகிறது.

1. ஆறு எல்லை அறியாது

நாகலாபுரம் வட்டாரத்தின் நீருக்கு ஆரணியாறே ஆதாரம். பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, சுருட்டப்பள்ளி வழியாக, தமிழகத்தின் ஊத்துக்கோட்டையைத் தொட்டு, பழவேற்காட்டை நோக்கிச் செல்கிறது அவ்வாறு. மழைக்காலத்தில் பிச்சாட்டூரில் மதகு திறக்கப்பட்டால் ஊத்துக்கோட்டையில் வெள்ள எச்சரிக்கை விடுக்கிறார்கள். நாகலாபுரம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் மாநிலம் மாறினாலும் ஆற்றின் போக்கு மாறுவதில்லை.

இத்தகைய பணிகளை அரசுத் துறைகள் மட்டுமே செய்து முடித்துவிட முடியாது. உள்ளூர் மக்களின் அமைப்பும், துறை அறிந்த வல்லுநர்களின் அமைப்பும் உடன் நிற்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். தமிழகத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், ஆந்திரத்தில் 2001-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு வழிவகுக்கின்றன. தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது.

2. ஒரு வங்கி அதிகாரி தொடங்கிய இயக்கம்

எம். பி. நிர்மல் என்ற பெயரைச் சென்னைவாசிகள் அறிவார்கள். அவர் வங்கி அதிகாரியாகப் பணியாற்றியவர். ஹாங்காங்கிலும் சில காலம் பணியில் இருந்தவர். அங்குக் கண்ட தூய்மை நம் நகரிலும் ஏன் இயலாது என்று எண்ணி, 1989-இல் சென்னையில் 'எக்ஸ்னோரா' இயக்கத்தைத் தொடங்கினார்.

அவ்வியக்கத்தின் வெற்றிக்குக் காரணம் பெரிய மேடைகள் அல்ல. அதன் சிறிய அலகு. ஒவ்வொரு தெருவும் ஓர் அமைப்பாயிற்று. அத்தெருவினரே தங்களுக்குள் தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுத்தனர். வீட்டுக்கு வீடு மாதந்தோறும் ஒரு சிறு தொகை திரட்டினர். அதைக் கொண்டு மூன்று சக்கர வண்டியும் அதை இயக்கும் தொழிலாளியின் ஊதியமும் ஏற்பாடாயின. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் 'தெருவை அழகுபடுத்துவோர்' என்ற மதிப்பான பெயரோடு இப்பணிக்கு அழைக்கப்பட்டனர்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பல்லாயிரம் பேர் சேர்ந்த இயக்கத்துக்கு ஒரு தலைவர் போதும். ஆனால் நூறு தெருக்களில் நூறு அமைப்புகள் இருந்தால் நூறு செயலாளர்களும் நூறு பொருளாளர்களும் தேவைப்படுவார்கள். அதுவரை வீட்டு வரவுசெலவை மட்டுமே எழுதிவந்த இல்லத்தரசி தெருவின் கணக்கை எழுதுகிறார். ஓய்வுபெற்றவர் மாநகராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதுகிறார். தலைமைக்கான வாய்ப்பு இவ்வாறுதான் பெருகுகிறது.

மறுபக்கமும் உண்டு. சந்தாவைத் திரட்டுபவர் வீடு மாறிப் போனதும் ஓய்ந்துவிடும் தெரு அமைப்பை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அடுத்தவரைப் பழக்கிவைத்த தெருவில் வண்டி தொடர்ந்து ஓடும். பழக்காத தெருவில் நின்றுவிடும்.

3. ஆண்டுதோறும் ஆட்கள் மாறியும் தொடரும் பணி

இதற்கு நேர்மாறான சூழலில் தொடங்கிய அமைப்பு ஒன்றைப் பார்ப்போம். சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் காக்க 1970-களின் தொடக்கத்திலேயே இயற்கை ஆர்வலர்கள் இரவு நடைகளைத் தொடங்கினர். 1988-இல் 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு' உருவாயிற்று. மாணவர்களை நம்பிய அமைப்பு என்பதால், படிப்பு முடிந்ததும் உறுப்பினர் வெளியேறுவார் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஆகவே பணியே பயிற்சியாக அமைந்தது. ஆமைகள் வரும் பருவத்தில் தொண்டர்கள் இரவில் கடற்கரையில் நடக்கிறார்கள். மணலில் தடத்தைக் கண்டு, கூட்டைத் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். புதிதாக வருபவர் முதலில் பார்க்கிறார். பின்னர் அனுபவம் உள்ளவருடன் சேர்ந்து கூட்டைத் தேடுகிறார். அதன்பின் முட்டைகளை எண்ணிக் குறித்துவைக்கிறார். தேர்ந்தபின் அவரே ஒரு குழுவை அழைத்துச் செல்கிறார்.

எத்தனை கூடுகள், எத்தனை முட்டைகள், எத்தனை குஞ்சுகள் என்ற பதிவே இவ்வமைப்பின் செல்வம். எழுதியவர் சென்றுவிட்டாலும் எழுதியது இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் இடமாற்றம் பெறும் எங்கள் போன்ற அதிகாரிகளுக்கு இது நன்கு பழக்கமான முறை. நாங்கள் ஒரு கிளையை விட்டுச் செல்லும்போது சாவிகளையும் பதிவேடுகளையும் நிலுவைப் பணிகளின் பட்டியலையும் எழுத்தில் ஒப்படைத்துக் கையொப்பம் பெறுகிறோம். மேலாளர் மாறினார் என்பதற்காக மறுநாள் கிளை மூடப்படுவதில்லை.

4. துறை வல்லுநர்களின் சங்கங்கள்

நீர், காற்று, கழிவு, நிலம் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்ட பொறியாளர்களும் வேதியியலாளர்களும் திட்ட ஆலோசகர்களும் தமக்கெனச் சங்கங்கள் அமைத்திருக்கிறார்கள். குடிநீர்த் துறையினருக்கான இந்திய நீர்ப்பணிகள் சங்கம் 1968-இல் தோன்றியது. பன்னாட்டுத் தாக்க மதிப்பீட்டுச் சங்கம் 1980-இல் அமைந்தது. நம் நாட்டில் 1994-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும், அதற்கு மாற்றாக 2006-இல் வந்த அறிவிக்கையும் இத்துறைக்குப் பெரும் தேவையை உண்டாக்கின. ஆலை, சுரங்கம், நெடுஞ்சாலை போன்ற திட்டங்களுக்கு அறிக்கை தயாரிப்போரின் நேர்மையைப் பொறுத்தே ஓர் ஊரின் நீரும் காற்றும் அமைகின்றன. தவறான அறிக்கையின் விலையை அதை எழுதியவர் கொடுப்பதில்லை, ஊர் கொடுக்கிறது. எனவே ஒருவர் பணியை மற்றொருவர் சீர்தூக்கிப் பார்க்கும் சங்கம் இத்துறைக்கு இன்றியமையாதது.

இத்தகைய சங்கங்களில் உறுப்பினர் ஏற்கத்தக்க தொண்டுகள் பல. அவற்றைப் படிப்படியாக இவ்வாறு வகுக்கலாம்:

முதற்படி: கருத்தரங்கில் வருகைப் பதிவு, கூட்டக் குறிப்பு எழுதுதல், செய்தி மடலுக்கு உதவுதல். இப்பணிகளுக்கு அனுபவம் வேண்டியதில்லை. நேரம் தவறாமை வேண்டும்.

இரண்டாம் படி: கட்டுரைகளைச் சீர்தூக்குதல், மாணவர்களுக்கு வழிகாட்டுதல், உள்ளூர்ப் பள்ளிகளில் குப்பையைத் தரம் பிரிக்கக் கற்பித்தல். திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்கின்றன. விதியை மக்கள் மொழியில் விளக்க வல்லுநர் தேவை.

மூன்றாம் படி: வட்டாரக் கிளையின் செயற்குழு உறுப்பினராதல், ஒரு பணிக்குழுவை நடத்துதல், தேர்தலை நடத்தித் தருதல்.

நான்காம் படி: செயலாளர், பொருளாளர், தலைவர் ஆகிய பதவிகள்.

முதற்படியை விட்டு நான்காம் படிக்குத் தாவியவர்கள் பெரும்பாலும் அங்கு நிலைப்பதில்லை. கூட்டக் குறிப்பை ஓராண்டு எழுதியவருக்குச் சங்கத்தின் வரலாறும் கருத்து வேறுபாடுகளும் நிறைவேறாத தீர்மானங்களும் தெரிந்திருக்கும். அவர் தலைவரானால் அந்த அறிவு துணை நிற்கும்.

5. பணமும் கையொப்பமும்

சங்கங்களுக்கு வங்கியில் நேரும் இடர்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. எனவே கீழ்க்கண்டவற்றை நிர்வாகிகள் மனத்திற்கொள்வது நலம்.

அ. கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கைக்குரியவரானாலும் தனியொருவர் பெயரில் இருத்தல் ஆகாது.

ஆ. குறைந்தது இருவர் சேர்ந்து கையொப்பமிடும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். அவ்விருவரும் ஒரே குடும்பத்தினராக இல்லாதிருத்தல் நல்லது.

இ. நிர்வாகிகள் மாறியதும் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலையும் புதியவர்களின் அடையாளச் சான்றுகளையும் வங்கியில் கொடுங்கள். "பழையவர் கையொப்பம் இன்னும் செல்லுகிறதே" என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஈ. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பில் எந்தப் பரிவர்த்தனையும் இல்லையெனில் கணக்கு செயல்படாத கணக்காக வகைப்படுத்தப்படும். பத்து ஆண்டுகள் கடந்தால் அத்தொகை ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன்பின்னும் உரியவர் வங்கியின் வழியாகக் கோரிப் பெறலாம். ஆனால் சங்கத்தின் சார்பில் கோருவதற்கு உரிமையுள்ள நிர்வாகிகள் இருக்க வேண்டும்.

உ. ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவில் படியுங்கள். ஒரு ரூபாய் கொடுத்தவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.

6. ஒப்படைத்தல் என்னும் கலை

பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்து உடன் வைத்துக்கொள்ளும் வழக்கம் நல்ல சங்கங்களில் உண்டு. அலுவலர்களைச் சந்திக்கச் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மனுக்களின் நகல்களை ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். எந்த மரம் எந்த ஆண்டு நடப்பட்டது, எந்த மதகு யாருடைய பொறுப்பு, எந்த அலுவலகத்தில் மனு நிலுவையில் உள்ளது என்பவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். "என் மனத்தில் எல்லாம் இருக்கிறது" என்பது பெருமைக்குரிய சொல் அன்று. சங்கத்தை ஆபத்தில் வைக்கும் சொல்.

பதவியை விட்டவர் சங்கத்தை விட வேண்டியதில்லை. முன்னாள் செயலாளர் கன்றுகளுக்கு நீர் ஊற்ற வந்தால், அதைக் காணும் இளைஞருக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

7. மதகு வேலை நடந்தது

கட்டுரையின் தொடக்கத்தில் வந்தவரை நான் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் வெளியூர் சென்றிருந்த உறுப்பினரைத் தேடிப் பிடித்தார். வீட்டுப் பரணில் இருந்த பெட்டியில் உறுப்பினர் பட்டியலும் பழைய குறிப்புப் புத்தகமும் கிடைத்தன. எஞ்சியிருந்த உறுப்பினர்களை அழைத்துப் பொதுக்குழு கூட்டினார்; விடுபட்ட ஆண்டுகளின் கணக்குகளைப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்தனர். சில மாதங்களுக்குப் பின் புதிய தீர்மானத்துடன் மூவர் கிளைக்கு வந்தனர்.

அவரையே செயலாளராக்க ஊரார் விரும்பினார்களாம். "வேண்டாம் ஐயா. அப்பா செய்ததை நானும் செய்தால் இதே புத்தகத்தை என் மகன் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பொருளாளர் பொறுப்பை மட்டும், அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார். அடுத்த மழைக்கு முன்பே மதகு செப்பனிடப்பட்டது.

வாசகர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள்

1. நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் கணக்கில் யார் யார் கையொப்பமிடுகிறார்கள் என்பதை அறிவீர்களா?

2. கூட்டக் குறிப்புப் புத்தகம் இப்போது எங்கே உள்ளது?

3. செயலாளர் நாளை வெளியூர் சென்றுவிட்டால் அவருடைய பணியை யார் தொடர்வார்?

4. நீங்கள் நிர்வாகியெனில், உங்கள் பொறுப்பைக் கற்றுக்கொள்ளும் ஒருவர் இன்று உங்கள் அருகில் இருக்கிறாரா?

மூன்றாம் வினாவுக்கு விடை இல்லையெனில், அந்த இடமே நீங்கள் தொண்டாற்றத் தொடங்க வேண்டிய இடம்.