படலையைத் திறக்கும் நேரம்

கேள்வி: எழுதுவினைஞராக வேலை பார்க்கிறேன். தைப்பொங்கல்தோறும் நடைப்பயிற்சி தொடங்கிப் பத்தாம் நாளில் விட்டுவிடுகிறேன். எனக்கு வைராக்கியம் போதாதா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அப்படித் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். வயலுக்கும் சந்தைக்கும் துவிச்சக்கர வண்டியிலேயே போய்வந்த நம் வன்னித் தந்தையர், தேகாப்பியாசம் என்ற சொல்லையே நினையாமல் திடகாத்திரராய் இருந்தது வைராக்கியத்தால் அன்று. அன்றாட ஜீவனமே அதை வழக்கமாக்கி வைத்திருந்ததால்தான். மோட்டார் சைக்கிள் வந்தபின் அவ்வழக்கத்தை நாமே பிரயத்தனப்பட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை 12 வாரங்கள் அவதானித்து, 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செய்கை யோசியாமலே நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆகும் என்றும், ஆளுக்காள் அது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபடும் என்றும் கணித்தார்கள். இடையே ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அவர்கள் கண்டதே. பத்தாம் நாளில் கைவிடுவது, நெல் முளைத்தவுடன் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

காலைத் தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு செருப்பை மாட்டிப் படலையைத் திறந்துவிடுங்கள். முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். மாரி மழையில் விறாந்தையிலேயே நடக்கலாம். விடுமுறை நாளில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். விடியற்காலை நீர்க்காற்று முகத்தில் படுகிற அந்த இன்பமே மறுவாரமும் தங்களை அழைக்கும். சலரோகமோ நெஞ்சுநோவோ இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

அடுத்த தைப்பொங்கலுக்குக் காத்திராமல், நாளைக்கே தொடங்குங்கள்.