கோடை இடியும் நெய்வேலியும்

கத்திரி வெயில் என்று மக்கள் அஞ்சும் அக்கினி நட்சத்திரக் காலம் மே மாதத்தின் முதல் வாரத்தில் தொடங்கி, அம்மாத இறுதியை ஒட்டி முடிவது. கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில், பண்ணுருட்டிக்கும் விருத்தாசலத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் செம்மண் மேட்டுநிலத்தில் அந்நாள்களின் வெம்மை மிகக் கடுமையானது. முந்திரித் தோப்புகளில் ஓர் இலையும் அசையாது. கால்நடைகள் நிழல் தேடி ஒதுங்கும். அம்மேட்டுநிலத்தின் நடுவே அமைந்த ஊரே நெய்வேலி. நண்பகல் கழிந்து சிறிது பொழுது சென்றபின், மேற்கு வானத்தின் அடியில் வெண்ணிற முகில் ஒன்று தலைகாட்டும். அது காண்போர் கண்முன்னே கோபுரம் போல் வளர்ந்து, உச்சி தட்டையாகப் பரந்து, அடிப்பகுதி கருக்கும். அதனைக் கண்ட முதியோர், “இன்று மழை உண்டு” எனக் கூறி மகிழ்வர். அம்மகிழ்ச்சி நியாயமானதே, கோடை மழை மாமரத்திற்கும் எள்ளுப் பயிருக்கும் உயிர் கொடுப்பது. ஆயினும், அம்முகில் தன்னுடன் கொண்டுவருவது மழை மட்டும் அன்று.

நெய்வேலியின் வரலாறு யாவரும் அறிந்ததே. 1935-ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீருடன் கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள், கத்திரி வெயிலின் நடுவே, பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962-இல் மின்னாக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் நெடுங்காலம் உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. புதிய நிலையங்கள் அதன் பணியை ஏற்றுள்ளன. இங்குள்ள சுரங்கம் பூமிக்கடியில் குடைந்து செல்லும் சுரங்கம் அன்று. வானத்தை நோக்கித் திறந்து கிடக்கும் பெரும்பள்ளம். ஆதலின், வானத்தில் நிகழ்வன யாவும் அப்பள்ளத்திற்குள்ளும் நிகழ்கின்றன. உழவனைப் போலவே சுரங்கத் தொழிலாளியும் மேகத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டியவன் ஆகின்றான்.

கோடையில் இடிமழை மாலை நேரத்தையே பெரிதும் தேர்ந்தெடுப்பது ஏன்? நெய்வேலியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடல் உள்ளது. மேற்கே கல்வராயன் மலையும், அதற்கும் அப்பால் சேர்வராயன் மலையும் நிற்கின்றன. காலை முதல் ஞாயிற்றின் வெப்பத்தால் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகின்றது. சூடேறிய நிலத்தின்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று உள்ளே புகுகின்றது. கடலோரத்தார் ‘கடற்காற்று இறங்கிவிட்டது’ என்று சொல்லி மகிழ்வது இதனையே. அது சிறிது சிறிதாக உள்நாட்டிற்குள் நகர்ந்து, மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்றைச் சந்திக்கின்றது. இரண்டும் மோதுமிடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே செல்வதன்றி வேறு வழி இல்லை. மலைச்சரிவுகளோ வெயிலில் காய்ந்து, தம்மைச் சார்ந்த காற்றை முன்னரே மேலே அனுப்பிக்கொண்டிருப்பவை. எனவே, முதல் முகில் பெரும்பாலும் மலைமேலேயே பிறக்கின்றது. பின்னர் உயரத்தில் வீசும் மேலைக்காற்று அதனைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு சமவெளிக்கு வருகின்றது. மலையில் மூன்று மணிக்குத் தோன்றிய முகில் பொழுது சாய்ந்தபின் கடலூர்க் கடற்கரையில் இடிப்பதும் உண்டு.

இவ்வாறு எழும் இடிமுகிலின் உச்சி 15 கிலோமீட்டர் உயரத்தையும் எட்டும். கீழே மனிதர் வியர்த்து வாடும் அதே நேரத்தில், அம்முகிலின் மேற்பகுதி உறைபனிக்கும் கீழான கடுங்குளிரில் இருக்கின்றது. அங்கே நீர் இல்லை. பனித்துகளும் சிறு ஆலங்கட்டியுமே உள்ளன. அவை ஒன்றோடொன்று உராய்ந்து மோதுவதால் மின்னேற்றம் பிரிகின்றது. இவ்வுண்மையை அறிவியலார் எளிதில் அடைந்துவிடவில்லை. இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்சன் என்னும் ஆங்கிலேயர், 1908-இல் சிம்லா மலையில் மழைத்துளிகளின் மின்னேற்றத்தை அளந்தார். துளிகள் காற்றில் சிதறி உடைவதே மின்னலுக்குக் காரணம் என்பது அவர் முதலில் கண்ட முடிவு. பல ஆண்டுகள் கழித்து, பலூன்களில் கருவிகளை ஏற்றி முகிலுக்குள்ளேயே அனுப்பி ஆராய்ந்து, 1937-இல் முகிலின் மேற்பகுதி நேர்மின்னும் அதன் கீழுள்ள பகுதி எதிர்மின்னும் கொண்டிருப்பதை வெளியிட்டவர்களுள் அவரும் ஒருவர். பனியின் பங்கு அதன்பின் தெளிவாயிற்று.

ஒரு முகிலுள் எவ்வளவு மின்னழுத்தம் அடங்கியிருக்கும்? இவ்வினாவிற்கு வியத்தகு விடை ஒன்று நம் நீலகிரியிலிருந்தே கிடைத்தது. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அண்டக்கதிர்களை ஆராய்வதற்கு ‘கிரேப்சு’ என்னும் கருவித் தொகுதியை அமைத்துள்ளனர். வானிலிருந்து ஓயாது பொழியும் மியூவான் என்னும் நுண்துகள்களை அது எண்ணுகின்றது. இடிமுகில் மேலே கடக்கும்போது அவற்றின் எண்ணிக்கை சிறிது மாறுகின்றது. 2014 டிசம்பர் 1-ஆம் நாள் கடந்து சென்ற முகில் ஒன்றை அவ்வாறு கணித்தபோது, அதனுள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகத் தெரிந்தது. அம்முடிவு 2019-இல் வெளியாயிற்று. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்பதை நினைவில் கொண்டால் இதன் பெருமை விளங்கும்.

‘இடி விழுந்தது’ என்று உலக வழக்கில் கூறுகின்றோம். உண்மையில் விழுவது மின்னல். இடி அதன் ஓசையே. மின்னல் பாயும் பாதையில் காற்று ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் ஏறத்தாழ 30,000 பாகை வெப்பம் அடைகின்றது. அஃது ஞாயிற்றின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு வெப்பமாகும். அக்காற்று வெடித்து விரிவதே இடி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி கொள்கின்றது. எனவே, மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி, மூன்றால் வகுத்தால் மின்னல் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதை அறியலாம். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது. அப்பொழுதே கூரைக்குள் புகுந்துவிட வேண்டும். இடி முழங்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று பாட்டிமார் கூறுவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அச்சொல் நெஞ்சிற்கு ஓர் ஆறுதல் தரும். உடலுக்குக் காப்பு வேண்டுமெனின் உறுதியான கட்டடமே வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,500 பேருக்கு மேல் மின்னலால் இறக்கின்றனர். அவர்களுள் மிகப் பலர் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருப்போரே. நெய்வேலிக்கு மேற்கே, இதே கடலூர் மாவட்டத்தில், வேப்பூரை அடுத்த கழுதூரில் 2025 அக்டோபர் 16-ஆம் நாள் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் உயிரிழந்தனர். ஒரு மின்னல் ஒருவர்மேல்தானே விழும், நால்வர் எவ்வாறு இறப்பர் என்று ஐயுறுவோர் உண்டு. மின்னல் தாக்கிய இடத்திலிருந்து மின்சாரம் மண்ணின் வழியே நாற்புறமும் பரவுகின்றது. ஒருவர் கால்களை அகற்றி நின்றால், ஒரு காலுக்கும் மற்றொரு காலுக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபட்டு, மின்சாரம் உடலுக்குள் ஏறி இறங்குகின்றது. ஆடு மாடுகளுக்கு முன்காலும் பின்காலும் மிக அகன்றிருப்பதால் அவை கூட்டம் கூட்டமாக மடிகின்றன. மரத்தடியில் நிற்போர்க்கு மற்றோர் இடரும் உண்டு. மரத்தின் வழியே இறங்கும் மின்னல், மரத்தைக் காட்டிலும் மனித உடல் தனக்கு எளிய வழி என்று கண்டு, பக்கவாட்டில் தாவிவிடுகின்றது.

இங்கேதான் இப்பகுதி மக்களின் இடர் தெளிவாகப் புலப்படும். முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலமும் பலாப்பழம் வெட்டும் காலமும் கோடையே. தோப்பில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சுற்றிலும் மரங்களே உள்ளன; மழை வந்தால் அவள் கால் தானாகவே மரத்தடியை நாடுகின்றது. அவளை ‘மரத்தடியில் நில்லாதே’ என்று சொல்வது எளிது. எங்கே நிற்பது என்பதையும் சொல்ல வேண்டும் அன்றோ? சுவரும் உறுதியான கூரையும் உடைய வீடு, பள்ளி, மூடிய பேருந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்ட மகிழுந்து ஆகியவை தகுந்த இடங்கள். ஓலைக் கொட்டகையும் நாற்புறம் திறந்த பந்தலும் மழையைத் தடுக்குமே அன்றி மின்னலைத் தடுக்கமாட்டா. எனவே, தோப்பு வேலைக்குச் செல்வோர் காலையிலேயே அருகிலுள்ள நல்ல கட்டடம் எது என்று பார்த்து வைத்துக்கொள்வதும், மேற்கு வானம் கருத்தவுடன், முதல் துளி விழும்வரை காத்திராமல் புறப்படுவதும் வேண்டும். மழை பெய்யும் இடத்திற்குப் பத்துக் கிலோமீட்டர் அப்பாலும் மின்னல் விழுவது உண்டு. ஆதலின், மழை நின்றதும் வெளியே ஓடுதல் தகாது. கடைசி இடி கேட்டபின் அரைமணி நேரம் பொறுத்தல் வேண்டும். வெட்டவெளியில் அகப்பட்டுக்கொண்டவர், ஒருவரை விட்டு ஒருவர் விலகி, இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருக்கலாம். இது காப்பு அன்று. இடரை ஓரளவு குறைக்கும் வழி மட்டுமே. படுத்தல் கூடவே கூடாது.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று பலர் அஞ்சி விலகி நிற்கின்றனர். இது வெறும் அச்சம். மின்னல் உடலில் தங்குவதில்லை. தாக்குண்டவரின் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் நின்றிருப்பினும், உடனே நெஞ்சை அழுத்தியும் மூச்சு ஊட்டியும் முயன்றால் பலரைப் பிழைக்க வைக்கலாம். அச்சத்தால் இழக்கும் சில நிமிடங்களே அவ்வுயிரின் விலையாகிவிடுகின்றன. கைப்பேசி மின்னலை இழுக்கும் என்பதும் பொருளற்ற பேச்சே. உண்மையில் அக்கைப்பேசியே காவலாகவும் அமையக்கூடும்; பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அமைத்த ‘தாமினி’ என்னும் செயலி, அருகில் மின்னல் தாக்கும் இடங்களைக் காட்டி எச்சரிக்கின்றது. கம்பியால் சுவருடன் இணைத்த தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றையும் குளியலறைக் குழாயையும் இடி முழங்கும்போது தொடாமல் இருப்பதே நன்று.

மலைப்பகுதியில் இடர் வேறு உருவம் கொள்கின்றது. கல்வராயன் மலையிலிருந்து கோமுகி, மணிமுத்தாறு முதலிய ஆறுகள் இறங்குகின்றன. கோடையில் அவற்றின் மணற்பரப்பு வறண்டு, சிறுவர் விளையாடும் வெளியாக இருக்கும். மலைமேல் ஒருமணி நேரம் கொட்டிய மழை பாறைச்சரிவில் தங்க இடமின்றி, ஒரே மூச்சில் ஓடைகளுக்கு வந்துவிடும். கீழே உள்ளவர்க்கு வெயில் காய்ந்துகொண்டிருக்கவும் கூடும். நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், தொலைவில் இரைச்சல் கேட்பதும் அதன் முன்னறிவிப்புகள். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்து அருவியில் இவ்வாறு வெள்ளம் புகுந்து, குளிக்க வந்திருந்த பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. கோடை விடுமுறையில் அருவிக்குச் செல்லும் மாணவர் அந்நாளை மறத்தலாகாது.

சமவெளியில் மழைக்குச் சற்று முன்னர் வீசும் காற்றும் அஞ்சத்தக்கது. முகிலிலிருந்து மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி நாற்புறமும் விரிகின்றது. அதுவே புழுதியை வாரிக்கொண்டு வரும் முதற்காற்று. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் இப்பகுதியின் முந்திரி, பலா மரங்களை அழித்ததை மக்கள் மறக்கவில்லை. புயலுக்குப் பல நாள் முன்பே எச்சரிக்கை வரும். இடிக்காற்றோ அரைமணி நேரத்தில் வந்து போய்விடும். எச்சரிக்கையும் சில மணி நேரத்திற்கு முன்னரே கிடைப்பது. நெய்வேலி நகரியத்தின் வட்டங்கள்தோறும் வீதியின் இருமருங்கும் நிழல் தரும் மரங்கள் நிற்கின்றன. அவை ஊரின் அழகு. காற்று நாளில் முறிந்து விழும் கிளைகளும் அவற்றினுடையவையே. அறுந்து கிடக்கும் மின்கம்பி மின்னலினும் வஞ்சகமானது; ஒளியும் ஒலியும் காட்டாமல் ஈரத்தரையில் காத்துக் கிடக்கும்.

இனி, சுரங்கத்தைக் காண்போம். நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணை வெட்டும் சக்கர எந்திரங்கள் வெட்டவெளியில் நிற்கும் இரும்பு மலைகள் போன்றவை. மின்னலுக்கு அவற்றைவிட வெளிப்படையான இலக்கு அப்பள்ளத்தில் வேறில்லை. கோடை மழை ஒருமணி நேரம் பெய்தாலும் களிமண் குழைந்து, வண்டிப்பாதைகள் வழுக்கும். மண்ணை ஏற்றிச் செல்லும் பட்டைகளில் சேறு ஒட்டும். வெட்டிய சரிவுகள் நீரை உறிஞ்சிக் கனத்து நிற்கும். சுற்றுப்புறத்து நீரெல்லாம் பள்ளத்தையே நாடும். கீழேயும் நீர், நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்துடன் அடங்கிக் கிடக்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டிராவிடில், அது படுகையையே பிளந்து மேலெழும். அடிநீரையும் வான்நீரையும் ஒருங்கே வெல்ல வேண்டிய சுரங்கம் உலகில் எல்லா இடத்திலும் இல்லை. 2015 நவம்பரில், வடகிழக்குப் பருவத்தில், ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் இங்கு மழை கொட்டியபோது சுரங்கங்களில் வெள்ளம் நிறைந்து வேலை தடைப்பட்டது. கோடை இடிமழை அத்துணைப் பெரிதன்று. ஆயினும் அது பருவமழையைப் போல் நாள்கணக்கில் அறிவித்து வருவதில்லை.

மழை ஓய்ந்தபின் பள்ளத்தின் அடியில் தேங்கிய கலங்கல் நீரைக் குழாய்கள் மேலே ஏற்றுகின்றன. சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் கால்வாய்களின் வழியே கிழக்கே ஓடி, வாலாஜா ஏரியையும் அதற்கப்பால் பெருமாள் ஏரியையும் சென்று சேர்கின்றது. அங்கே, கோடையிலும் மதகு திறந்து நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் உள்ளனர்.