நெய்தலும் நெசவும்: தொழிற்பெயராக்கத்தில் வினைத்தன்மையும் பெயர்த்தன்மையும்

நன்னூல் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படுத்துகிறது. புலனுக்கு எட்டாக் கருத்துகளைச் சுட்டும் பெயர்களுள் பெரும்பாலானவை இறுதி இரண்டனுள் அடங்கும். எனினும், ஒரே வினையடியிற் பிறக்கும் தொழிற்பெயர்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. திருவள்ளூர் மாவட்டத்து நெசவூரான ஆர்.கே.பேட்டையில் அன்றாடம் வழங்கும் தொழிற்சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

‘நெய்’ என்னும் அடியினின்று நெய்தல், நெசவு என்னும் இரண்டும் தோன்றுகின்றன. பின்னதன் சகரம், உயரம் – உசரம் என்பதிற்போல யகரத்தோடு உறழ்வது. ‘லுங்கியை நெய்தல்’ என்பது வழக்கு. ‘லுங்கியை நெசவு’ என்பது வழுவாகும். ‘லுங்கி நெசவு’ என்னும் தொகையே பொருந்தும். ‘விரைந்து நெய்தல்’ என வினையெச்சம் ஏற்கும் இடத்தில், நெசவு ‘விரைவான நெசவு’ எனப் பெயரடை கொள்கிறது. நெய்தலுக்கு ‘நெய்யாமை’ என்னும் எதிர்மறை உண்டு. நெசவுக்கு ‘நெசவின்மை’ எனப் பிறிதொரு சொல் வேண்டும். ஆனால் ‘நெசவாளர்’ என்னும் ஆக்கத்திற்கு இடந்தருவது நெசவே.

பரவுதலைக் குறிக்கும் ‘பாவு’ என்னும் வினையடியோ விகுதியின்றியே பெயராகி, தறியில் நீளவாக்கில் அமையும் இழைகளைக் குறிக்கிறது. இங்குத் தொழில், பருப்பொருளாகவே முடிகிறது.

எனவே நெய்தல், நெசவு, பாவு என்பன வினைத்தன்மை படிப்படியே குன்றிப் பெயர்த்தன்மை மிகும் வரிசையாகும். ‘தொழிற்பெயர்’ என்னும் ஒரு குறியீடு இவ்வேறுபாட்டை மறைக்கிறது. அகராதிகளும் கலைச்சொல்லாக்கமும் இதனைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.