தக்காளி ஸாஸ் காய்ச்சிப் புட்டிகளில் அடைத்தல்

பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் முதலிய சந்தைகளில் தக்காளி ஒரே சமயத்தில் வந்து குவியுங்கால், பறிப்புக் கூலிக்கும் வண்டிச் சத்தத்திற்குங்கூட விலை கட்டாமற் போவதுண்டு. பழத்தைச் சாலையோரத்தில் கொட்டிச் செல்வதும் குடியானவர்களுக்குப் புதிதன்று. அத்தகைய நாட்களில் வீட்டிலேயே ஸாஸ் காய்ச்சி வைத்துக்கொண்டால் விளைச்சலில் ஒரு சிறு பங்காவது வீணாகாது. ஆயினும் இத்தொழிலில் சிக்கனத்தினும் முக்கியமாகக் கவனிக்க வேண்டுவது பழத்தின் புளிப்பேயாகும்.

காற்றுப் புகாமல் அடைத்த பண்டத்தில் வளரும் போட்டுலினம் என்னும் நுண்கிருமி கொடிய விஷத்தை உண்டாக்க வல்லது. அதன் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆனால், புளிப்பைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6க்கு மேற்படாதிருப்பின் அவை முளைக்க மாட்டா. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். தக்காளியோ இவ்வெல்லையின்மீதே நிற்கும் பழம், பெரும்பாலும் 4.3 முதல் 4.9 வரை இருக்கும். மிகக் கனிந்தவற்றிலும் அழுகல் கண்டவற்றிலும் புளிப்புக் குறைவு. ஆகையால், மலிவாயிற்றே என்று கழிவுப் பழங்களைச் சேர்ப்பதும், ருசிக்காகக் காடி என்னும் வினிகரைக் குறைப்பதும் ஆபத்தாகும்.

நன்கு சிவந்த கெட்டிப் பழங்களைக் கழுவி, காம்படியை நீக்கி நறுக்கி, வேகவைத்து மசித்துச் சல்லடையில் தேய்த்தால் தோலும் விதையும் மேலே தங்கிவிடும். இவ்விதம் கிடைக்கும் கூழ் ஒரு கிலோவுக்குச் சர்க்கரை 75 கிராம், உப்பு 10 கிராம், வெங்காயம் 50 கிராம், இஞ்சி 10 கிராம், பூண்டும் மிளகாய்த்தூளும் வகைக்கு 5 கிராம், காடி 25 மில்லி வேண்டும். பட்டை, மிளகு, சீரகம் அவரவர் ருசிப்படி; கிராம்பு ஐந்து போதும். கிராம்பின் தலையைக் கிள்ளிவிட வேண்டும். அதிலுள்ள துவர்ப்பு இரும்புடன் சேர்ந்தால் புட்டியின் கழுத்தில் ஸாஸ் கறுத்துவிடும். இரும்புச் சட்டியும் இதனாலேயே உதவாது. பித்தளை, செம்பு களிம்பேறும். எவர்சில்வர் பாத்திரமே நன்று.

வெங்காயம் முதலிய சம்பாரங்களைத் தட்டி, மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டிக் கூழிலிட்டு, சர்க்கரையில் மூன்றிலொரு பங்கை மட்டும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். முழுவதையும் முதலிலேயே போட்டால் நெடுநேரக் கொதியில் நிறம் மங்கும். கூழ் மூன்றிலொரு பங்காகச் சுண்டியதும் மூட்டையைப் பிழிந்து எடுத்துவிட்டு, மீதிச் சர்க்கரை, உப்பு, காடி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். காடி ஆவியாகப் போய்விடுமாதலால் அதை முன்னதாக ஊற்றலாகாது. ஒரு துளியைத் தட்டில் விட்டால் சுற்றிலும் நீர் கசியாதிருத்தலே பதம். இவ்விடத்தில் அவசரப்படுவோரே அதிகம். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருப்பதற்குப் பொறுமை வேண்டும்.

புட்டிகளைத் துணி விரித்த பாத்திரத்தில் நீரிலிட்டு 20 நிமிஷம் கொதிக்கவைத்து எடுத்து, அவை சூடாயிருக்கும்போதே கொதிக்கும் ஸாஸை நிரப்பி, கழுத்தில் சிறிது இடம் விட்டு மூடவேண்டும். பிறகு 85 முதல் 90 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் 30 நிமிஷம் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். குளிர்ந்த கல்லின்மேல் வைத்தால் கண்ணாடி வெடிக்கும். தேதியை ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தல் நலம். விற்பனைக்குத் தயாரிப்போர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறவேண்டும்.

மூடி உப்பியோ, நுரை கிளம்பியோ, வாடை மாறியோ காணப்படும் புட்டியை ருசி பார்த்தலும் கூடாது. ஆடுமாடுகளும் கோழிகளும் அணுகாதபடி குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.