பரீட்சைப் பாடமும் மேஜைக் கோப்பும்

இன்ஷூரன்ஸ் உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் என்னைச் சந்திக்கும்போதெல்லாம், லைசென்ஷியேட்டோடு நிறுத்திக்கொள்வதா, ஃபெல்லோ வரை போவதா, அல்லது லண்டன் பட்டத்துக்கே முயல்வதா என்று கேட்பது வழக்கம். அவர்களுக்கு நான் சொல்லிவரும் அபிப்பிராயங்களை, ஜெனரல் இன்ஷூரன்ஸ் கிளை அலுவலகங்களில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், இங்கே சற்று விஸ்தாரமாக எழுதிவைக்கிறேன்.

இங்கிலாந்தில் 1897-ல் தோன்றி, 1912-ல் அரச சாசனம் பெற்ற சார்ட்டர்ட் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் வழங்கும் லண்டன் பட்டங்களுக்கு இன்றும் உலகெங்கும் மதிப்பு உண்டு. நம் நாட்டில் 1955-ல் பம்பாயில் ஸ்தாபிக்கப்பட்டு, இப்போது இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா என்று வழங்கும் நிறுவனம் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என மூன்று படிகளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போய், 60 புள்ளிகளில் முதற்படியையும், மொத்தம் 250-ல் இரண்டாவதையும், 490-ல் மூன்றாவதையும் எட்டலாம். பாடம் ஒன்றுக்கு 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையாதலால், வினா வங்கியை மனப்பாடம் செய்தே பலர் கரையேறிவிடுகிறார்கள். அப்படித் தேறினால் இன்கிரிமெண்ட் கிடைக்கலாம். ஆனால் அந்த வித்தை கோப்பைப் பிரித்துப் பார்க்கும் நேரத்தில் சிறிதும் துணைக்கு வருவதில்லை.

ஆகையால் என் முதல் யோசனை, எந்தப் பாடம் சுலபம் என்று விசாரிக்காமல், உங்கள் மேஜைக்கு எந்தக் கோப்பு அதிகம் வருகிறதோ அந்தப் பாடத்தை முதலில் எடுங்கள் என்பதே. மோட்டார் கிளெய்ம் பார்ப்பவர் மோட்டாரையும், ஆலைகள் நிறைந்த ஊரில் இருப்பவர் தீ இன்ஷூரன்ஸையும் படிக்கட்டும். பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் பாலிசி வாசகத்தையும், முடிந்துபோன ஒரு கிளெய்மின் சர்வேயர் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கிடங்கில் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்த சரக்கின் மதிப்பு 40 லட்சம், பாலிசித் தொகை 20 லட்சம், எரிந்தது 10 லட்சம் என்று சர்வேயர் கணக்கிட்டு, ஆவரேஜ் விதிப்படி 5 லட்சம்தான் தரலாம் என்று எழுதியிருந்தார். முதலாளி என் எதிரே அமர்ந்து, "ஏனுங்க சார், இருபது லட்சத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன், எரிஞ்சது பத்து லட்சம்தானுங்களே, அதிலே பாதியை எதுக்குங்க வெட்டறீங்க?" என்றார். பாதி மதிப்புக்கே பிரீமியம் செலுத்தியவர் மீதிப் பாதிக்குத் தமக்குத் தாமே இன்ஷூரராகிறார் என்ற விடை பரீட்சை எழுதிய எவருக்கும் தெரியும். ஆயினும் புரபோசலில் கையெழுத்து வாங்கிய அன்று அதை அவருக்கு எவரும் சொல்லவில்லை என்பதால், அந்த விடையின் நியாயம் அவர் மனத்தில் ஏறவேயில்லை.

அது முதல், புதுப்பிக்கும் சமயம் வந்ததும், வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டின் நகலைக் கேட்டு வாங்கி, பாலிசித் தொகையோடு ஒப்பிட்டுக் காட்டுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். ரிஸ்க் மேனேஜ்மெண்ட் பாடத்தையும் அவ்வாறே பிரயோகிக்கலாம்: ஆபத்தைத் தவிர்ப்பது, குறைப்பது, பிறர்மேல் மாற்றுவது என்று புத்தகம் வரிசைப்படுத்துவதை நினைவில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி வந்தால், துணி பேல்களுக்குப் பின்னால் கை எட்டாமல் மறைந்திருக்கும் தீயணைப்பு சிலிண்டர் கண்ணில் படும், பாலிசி விற்பதற்கு முன் அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்வதும் நம் தொழிலே.

பட்டம் பெற்றபின் படிப்பை நிறுத்திவிடலாகாது. 2007-ல் டாரிஃப் என்னும் நிர்ணயக் கட்டண முறை விலகியதும் பழைய கட்டண அறிவில் பெரும்பகுதி பயனற்றுப்போயிற்று. 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியிலோ, குறைமதிப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஆவரேஜ் வெட்டு கிடையாது. பழைய புத்தகத்தை மட்டும் நம்பியிருப்பவர் இன்றைய கிளெய்மைத் தவறாகக் கணக்கிடுவார்.

அயல்நாட்டுப் பட்டங்களைப் பொறுத்தவரை, ரீஇன்ஷூரன்ஸ், புரோக்கிங், வளைகுடா உத்தியோகம் ஆகியவற்றை நாடுவோருக்கு லண்டன் பட்டம் பிரயோஜனப்படும், சி.பி.சி.யு. என்னும் அமெரிக்கப் பட்டம் அந்நாட்டு வழக்கத்தைத் தழுவியது. ஆக்சுவரி ஆவதோ கணிதத்தில் ஊறியவர்களுக்கான தனி மார்க்கம்.

எந்தப் பட்டமானாலும், அதன் படிப்பை வாடிக்கையாளர் புரபோசலில் கையெழுத்திடும் நாளில் செலவழியுங்கள். கிளெய்ம் நாளுக்கென்று சேமித்து வைத்தால், அந்தப் படிப்பு வெட்டுவதற்கு மட்டுமே உதவும்.