ஒலிபெருக்கி ஏன் உறுமுகிறது?

ஆங்கிலக் கேட்டல் பயிற்சிக்காக மடிக்கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி மூன்றையும் இணைக்கிறோம். பாடம் தொடங்கும் முன்பே 'உம்ம்' என்ற உறுமல் வகுப்பறையை நிறைத்துவிடுகிறது. முதல் வரிசைக் குழந்தை சமாளித்துக்கொள்ளும். கடைசி வரிசையில் இருப்பவருக்கோ 'பேட்', 'பேக்' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். "ஸ்பீக்கர் போயிடுச்சு சார்" என்று மாணவர்கள் சொன்னதை நம்பி, நம் புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி ஒன்றில் நானும் ஒரு ஜோடியை மாற்றினேன். புதியதும் அதே ராகத்தைத்தான் பாடியது.

முதலில் ஓசையைக் கவனியுங்கள். விட்டுவிட்டு 'டட்-டட்-டட்' என வந்து சிறிது நேரத்தில் நின்றுவிட்டால், மேசைமேல் இருக்கும் நம் கைபேசியைச் சந்தேகிக்கலாம். 2ஜி அலைவரிசையில் அது நொடிக்குச் சுமார் 217 துடிப்புகளாக அலையை அனுப்பும். ஒலிக்கம்பி அதை வாங்கிக்கொள்ளும். கைபேசியைத் தள்ளி வைத்தால் போதும். மௌஸை நகர்த்தும்போது 'கீச்' ஒலி மாறினால், அது கணினியின் உட்பகுதியிலிருந்து கசிவது. முன்பக்கத் துளைக்குப் பதில் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் விலை குறைந்த யுஎஸ்பி ஒலி அட்டை உதவும்.

மாறாமல் தொடரும் தாழ்ந்த உறுமல்தான் பெரும் தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஒலிபெருக்கியின் வால்யூமை முழுதும் குறையுங்கள். அப்போதும் உறுமினால் பழுது ஒலிபெருக்கியிலேயே. நின்றுவிட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். பிறகு புரொஜெக்டர் கம்பியை உருவுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் காரணம் பிடிபடாது.

புரொஜெக்டர் ஒரு சுவரிலும் ஆம்ப்ளிஃபயர் மறு சுவரிலும் மின்சாரம் எடுத்தால், இரண்டு எர்த் இணைப்புகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கக்கூடும். அதனால் ஒலிக்கம்பியின் உறை வழியே சிறு மின்னோட்டம் பாயும்; ஆம்ப்ளிஃபயர் அதையும் பெருக்கிக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒலிக்கம்பியின் நடுவே சிறு மின்மாற்றி கொண்ட 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' பொருத்தலாம். நேரடிக் கம்பித் தொடர்பின்றி ஒலியை மட்டும் கடத்துவதால், மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கும் அது நல்ல எடுத்துக்காட்டு.

பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தால் உறுமல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கவும் கூடும். ஆனால் பிறகு மின்கசிவு ஏற்பட்டால் கணினிப் பெட்டியைத் தொடும் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்காது. இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பெட்டியைத் தொடும்போது 'விர்' என்றால் ஒலியை மறந்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். செம்புராங்கல் பூமியில் கோடையில் மண் காய்ந்ததும் எர்த் குழியின் மின்தடை கூடும். குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் அதற்காகத்தான்.

எங்கள் பள்ளியில் சரியான இணைப்பைப் படம் வரைந்து மேசையில் ஒட்டியவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள். இப்போது கம்பி மாறியிருந்தால் என்னைவிட அவர்களே முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.