ஆலையும் தூசியும்

சாளரத்தின் வழியே இளவெயில் வீட்டினுள் புகும்போது, அவ்வொளிக்கற்றையில் எண்ணிறந்த நுண்துகள்கள் மிதந்து திரிவதைக் காணலாம். வீட்டுத் தூசி பெரும்பாலும் கண்ணை உறுத்துவதோடு நின்றுவிடும். ஆனால், மாவு ஆலை, மரப்பட்டறை, கல் உடைக்கும் ஆலை, பஞ்சாலை முதலிய இடங்களில் எழும் தூசி அத்தகையதன்று. அஃது உயிரையே பறிக்க வல்லது.

தூசி இருவகையால் கேடு செய்கிறது. முதலாவது நோய். மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது. அதனினும் பன்மடங்கு நுண்ணிய துகள்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மூச்சோடு கலந்து, நுரையீரலின் அடிவரை சென்று தங்குகின்றன. கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பேறச் செய்து, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. பஞ்சுத் தூசி நெஞ்சை இறுக்கி மூச்சுத் திணறலைத் தருகிறது.

இரண்டாவது வெடிப்பு. மாவு, சர்க்கரை, மரத்தூள் போன்றவை குவிந்து கிடக்கும்போது மெல்லவே எரியும். அவையே காற்றில் பரவி, அடைபட்ட இடத்தில் தீப்பொறியைச் சந்திக்குமாயின் நொடிப்பொழுதில் வெடிக்கும். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் இருந்த வாஷ்பர்ன் மாவு ஆலை 1878ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இவ்வாறு வெடித்துத் தரைமட்டமாயிற்று. அருகிலிருந்த ஆலைகளும் தீக்கு இரையாயின. 18 பேர் மாண்டனர். திரிகைக் கற்கள் உரசியதில் எழுந்த தீப்பொறியே மாவுத் தூசியைப் பற்ற வைத்தது என்பர். உணவாகும் மாவே உயிருக்கு உலையாயிற்று! அந்த ஆலை மீண்டும் கட்டப்பட்டபோது, தூசியை அகற்றும் வழிகளும் அதில் அமைக்கப்பட்டன.

இக்கேடுகளைத் தடுக்கவே இக்காலத் தொழிற்சாலைகளில் தூசி பிடிக்கும் இயந்திரம் அமைக்கப்படுகிறது. அதன் அமைப்பு எளியது. பெரிய விசிறி ஒன்று, தூசி எழும் இடங்களிலிருந்து காற்றைக் குழாய்களின் வழியே ஓர் இரும்பு அறைக்குள் இழுக்கும். அவ்வறையில் நீண்ட துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பையின் உள்ளும் கம்பிக்கூண்டு ஒன்று இருந்து, அது சுருங்காதவாறு தாங்கும். காற்று பையின் வெளியிலிருந்து உள்ளே சென்று தூயதாக வெளியேறும். தூசி பையின் புறத்தே படியும். குறித்த இடைவேளையில் மேலிருந்து அழுத்தக் காற்று பைக்குள் பாய்ந்து அதனை உதறும். உதிர்ந்த தூசி கீழேயுள்ள கூம்புத் தொட்டியில் விழும்.

பையின்மீது மெல்லிய தூசிப்படலம் இருப்பது குற்றமன்று. நுண்துகள்களைத் தடுப்பதற்கு அதுவே பெருந்துணை. படலம் மிகும்போதுதான் காற்று செல்லத் தடையாகும். இதனை அறிவிக்க அழுத்தமானி ஒன்று உண்டு. அது பைகளுக்கு இருபுறமும் உள்ள காற்றழுத்தங்களின் வேறுபாட்டைக் காட்டும். வேறுபாடு படிப்படியாக உயர்ந்து, உதறிய பின்னும் குறையாவிடில், பைகள் அடைபட்டுவிட்டன என்பது பொருள். திடீரெனத் தாழ்ந்தால், பை ஏதேனும் கிழிந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். ஆதலால் நாள்தோறும் மானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவருதலும், கூம்புத் தொட்டி நிரம்பிவிடாமல் அகற்றுதலும் பராமரிப்பவரின் முதற்கடமைகளாம்.

பைகளை மாற்றும் வேளையே இடர் மிகுந்த வேளை. ஆலை முழுவதும் பரவ வேண்டிய தூசி அனைத்தும் அவ்வோர் அறையில் குவிந்திருக்கிறது. கதவைத் திறப்பவர் அதனை நேருக்கு நேர் சந்திக்கிறார். எனவே, எல்லாம் ஒழுங்கு முறைப்படி நடைபெறல் வேண்டும்.

முதலில் விசிறியை நிறுத்தி, மின்சார முதன்மை விசையைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பிறரொருவர் அறியாது விசையைத் திருப்பினால் உயிருக்கே இறுதியாகும். விசையை நிறுத்திய பின்னும் விசிறி சிறிது நேரம் சுழலும். அஃது ஓயும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்பு அழுத்தக் காற்றின் வழியை அடைத்து, கலத்தில் எஞ்சிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். தூசி அடங்கிய பிறகே கதவைத் திறத்தல் தகும். அறைக்குள் இறங்க நேரின், முன்னதாக உள்ளிருக்கும் காற்றைச் சோதித்தலும், வெளியே ஒருவர் காவல் நிற்றலும் இன்றியமையாதன.

முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும் என எண்ணுவது பேதைமை. நுண்துகளைத் தடுக்கும் மூச்சுக்கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். கழற்றிய பைகளை உதறாமல் உறையிலிட்டுக் கட்ட வேண்டும். சிந்திய தூசியைத் துடைப்பத்தாலோ அழுத்தக் காற்றாலோ கிளப்புதல் கூடாது. எரியும் தூசியாயின், தீப்பொறி எதுவும் அணுகலாகாது. புதிய பைகள் பழையவற்றின் வகையையே சார்ந்திருத்தல் வேண்டும். நிலைமின்சாரத்தை நிலத்திற்குக் கடத்தும் கம்பியையும் மீண்டும் இணைக்க வேண்டும். ஒரு பை சரியாகப் பொருந்தாவிடினும் அவ்வழியே தூசி வெளியேறும்.

வேலை முடிந்ததும் உடை மாற்றிக் குளித்தல் நன்று. தூசி படிந்த உடையோடு வீடு செல்பவர் நோயையும் உடன் கொண்டு செல்கிறார் அன்றோ?

இம்முறைகளைக் கடைப்பிடிக்கச் சிறிது நேரம் கூடுதலாகலாம். ஆயினும் அந்நேரம் வீணன்று. இயந்திரம் தொழிலாளரைக் காக்கிறது. அவ்வியந்திரத்தைக் காப்பவரோ ஆலையிலுள்ள அனைவரையும் காக்கிறார். அவரும் நலமுடன் வீடு திரும்புதல் வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இப்பணிக்கு மிகவும் பொருந்தும்.